கரண்ட் பில்லைக் காட்டுங்க, தம்பி

பழைய கார் விளம்பரங்களில் 'டாக்டர் ஓட்டிய வண்டி' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். தமிழ்நாட்டில் கைமாறிய பழைய கார்களையெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டினார்கள் என்றால், அத்தனை வருஷமும் ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு சந்தையில் அந்த டாக்டரின் இடத்தில் இருப்பது 'லைட் யூஸ்'. முழு மூச்சில் ஓடினால் 350 வாட் இழுக்கிற கார்டு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஆனால் விற்கிறவர்களை விசாரித்தால் ஒருவர்கூட அதை முழுதாகப் பயன்படுத்தியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் விளையாடிவிட்டு, துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வரி, "மைனிங் பண்ணல ப்ரோ." இது யாரும் கேட்காமலே வருகிற பதில்.

எங்கள் குடும்பத்தில் பழைய பொருள் எது வாங்கப்போனாலும் என்னைக் கூட அழைத்துக்கொண்டு போவது வழக்கம். எனக்கு அதில் பெரிய ஞானம் உண்டு என்று யாரும் நம்பவில்லை. பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து, ஒன்றும் பேசாமல், உதட்டைப் பிதுக்கித் திரும்பக் கொடுக்கத் தெரியும். அந்த ஒரு பிதுக்கலுக்கு ஃப்ரிட்ஜில் ஐந்நூறு, பைக்கில் இரண்டாயிரம் இறங்கியிருக்கிறது. அதனால்தான் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிற என் அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, 3090 ஒண்ணு வருது. எண்பத்தஞ்சு சொல்றாங்க. நீங்க வரணும்."

"எண்பத்தஞ்சு என்னடா?"

"ஆயிரம்தான் மாமா," என்றான், லட்சம் இல்லை என்கிற நிம்மதியை எனக்கு வழங்குகிற குரலில்.

விலைக்கு வருகிறேன். விற்கிறவர் எப்போதுமே தான் வாங்கிய விலையிலிருந்துதான் கணக்கை ஆரம்பிப்பார். வாங்குகிறவர் அந்த இடத்தில் போய் நிற்கவே கூடாது. ஆர்டிஎக்ஸ் 3090 வந்தது 2020 செப்டம்பரில். அமெரிக்காவில் 1,499 டாலர், இந்தியாவுக்கு என்விடியா சொன்ன விலை 1,52,000 ரூபாய். ஆனால் அந்த விலைக்கு அதைக் கடையில் பார்த்தவர்கள் குறைவு. அது கொரோனா காலம். சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம். எத்தீரியம் நாணயம் தோண்டுகிறவர்கள் இன்னொரு பக்கம் நின்று, வருகிற கார்டையெல்லாம் டஜன் கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் விற்பனையாளர் கையில் வைத்திருந்த பில்லில் இரண்டு லட்சத்துச் சொச்சம் இருந்தது. "வாங்கின விலையில பாதிகூட கேக்கல அங்கிள்," என்று அதைத்தான் முதலில் நீட்டினார். தட்டுப்பாட்டு நாளில் அவசரப்பட்டு அவர் கொடுத்த கூடுதல் பணம் அவருடைய சொந்த அனுபவம். அதில் எனக்குப் பங்கு தருவது நல்ல மனசுதான். நான் வேண்டாம் என்றேன்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்தக் கார்டு செய்கிற வேலையை இன்றைக்குப் புதிதாக வாங்கிச் செய்தால் என்ன ஆகும்?

இங்கேதான் 3090 ஒரு விசித்திரப் பிறவி. விளையாடுவதற்கு என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. 2023 ஜனவரியில் வந்த 4070 டிஐ பெரும்பாலான விளையாட்டுகளில் அதை எட்டிப் பிடித்துவிட்டது. 2025-ல் வந்த 5070, இங்கே 59,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. புது டப்பா, வாரண்டி, 250 வாட். வேகத்தில் 3090-க்குக் குறைச்சல் இல்லை. ஆனால் இந்த இரண்டிலும் மெமரி 12 ஜிபிதான். 3090-இல் 24. அக்கா மகனுக்கு விளையாட்டு இல்லை, வீட்டிலேயே மொழி மாடல் ஓட்டவேண்டும். 3,200 கோடி எண்கள் கொண்ட ஒரு மாடலை, ஒரு எண்ணுக்கு நாலு பிட் வீதம் சுருக்கினாலும் 16 ஜிபி வந்துவிடும். 12 ஜிபி கார்டுக்குள் அது நுழையாது. 24-க்குள் கால் நீட்டிப் படுக்கும். புதிதாக வாங்கலாம் என்றால் ஜிஃபோர்ஸ் வரிசையில் 24-க்குக் குறையாமல் இருப்பது 5090 ஒன்றுதான். 32 ஜிபி, அறிவித்த விலை 2,14,000. ஏஎம்டியிலும் 24 ஜிபி கார்டு உண்டு. அதைப் பற்றிச் சொன்னபோது "அதுல கூடா இல்ல மாமா," என்று பயல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். கூடா என்பது என்விடியாவின் மென்பொருள் ஏற்பாடு. மாடல் ஓட்டுகிற பாதிப் பேர் அதை விட்டு நகர்வதில்லை.

ஆக, கார்டு ஒன்றுதான். எதிரில் வந்து நிற்கிறவனைப் பொறுத்து விலை இரண்டு. விளையாடுகிறவன் நின்றால் என் கணக்கில் நாற்பதாயிரத்துக்கு மேல் பெறாது. மாடல் ஓட்டுகிறவன் நின்றால் அறுபதுக்குத் தாராளமாகப் போகும். இது விற்கிறவர்களுக்கும் தெரியும். அதனால்தான் "எதுக்கு ப்ரோ வாங்கறீங்க?" என்று தேன் ஒழுகக் கேட்பார்கள். படியேறும்போதே அக்கா மகனிடம் சொல்லி வைத்தேன், "கேட்டா கேம் விளையாடன்னு சொல்லு." தலையாட்டினான். கதவு திறந்தது. அவர் கேட்டார். "லோக்கல் எல்எல்எம் ரன் பண்ண ப்ரோ," என்றான் இவன், முகமெல்லாம் மலர்ந்து. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பத்தாயிரம் ரூபாய் போய்விட்டது.

உள்ளே போவதற்கு முன் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சந்தையில் விலையை நிர்ணயிக்கிறவர் விற்கிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை. அமெரிக்காவில் கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்ட ஒருவர். என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் 2020 செப்டம்பர் 1-ஆம் தேதி தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, 499 டாலருக்கு வரப்போகும் 3070 கார்டு பழைய 2080 டிஐ-யை விட வேகம் என்று அறிவித்தார். 2080 டிஐ ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற கார்டு. அதை வைத்திருந்தவர்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. ஐந்நூறுக்கும் அதற்குக் கீழேயும் வாரி விட்டார்கள். அப்புறம் 3070 கடைக்கு வந்தது, வந்த வேகத்தில் தீர்ந்தது. சில மாதத்தில் பழைய 2080 டிஐ-க்கே மறுபடி விலை எகிறியது. விற்றவர்கள் தாங்கள் விற்ற கார்டையே இன்னும் அதிக விலையில் விளம்பரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் மறுபடி அதே கச்சேரி. 549 டாலர் 5070, 4090-இன் செயல்திறன் கொடுக்கும் என்றார். 4090 வைத்திருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சோதித்துப் பார்த்ததில் சங்கதி புரிந்தது. உண்மையாக வரைந்த ஒவ்வொரு காட்சிக்கும் நடுவில் கார்டே ஊகித்து மூன்று காட்சிகளைச் செருகிக்கொள்கிறது. அதையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு. செருகாமல் ஓட்டினால் 4090 எங்கேயோ, 5070 எங்கேயோ. ஆகவே பழைய கார்டு வாங்கவோ விற்கவோ நினைக்கிறவர்கள் ஜாக்கெட்காரர் பேசுகிற வாரத்தில் எதையும் செய்யாமல் இருப்பது உத்தமம். வாங்குகிறவர் மட்டும் வேண்டுமானால் மறுநாள் காலை போன் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்குப் போய் வாங்குவதை விட ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். போனோம். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றினால் கிடைக்காத பொருள் இல்லை. அங்கே பழைய கார்டுக்கு 'டெஸ்டிங் வாரண்டி' என்று ஒன்று கொடுப்பார்கள். கடையில் போட்டுக் காட்டும்போது ஓடும். வீட்டுக்குப் போய்ச் சில நாள் ஓடும். அதற்குள் போனால் கொண்டுவா, அதற்கப்புறம் உன் பாடு. இது ஒளிவுமறைவில்லாத ஒப்பந்தம். எனக்கு அதில் குறை இல்லை. பயம் என்னவென்றால், சிப் லெவல் சர்வீஸ் செய்த கார்டு. செத்துப்போன கார்டின் சிப்புக்கு அடியில் ஹாட் ஏர் காட்டினால் விட்டுப்போன ஈயப்பற்று தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். கார்டு எழுந்து உட்காரும். சில வாரம் நன்றாகவே இருக்கும். டெஸ்டிங் வாரண்டியும் சில நாள்தான். சிப்பைச் சுற்றிப் பலகை பழுப்பேறியிருக்கிறதா, ஃப்ளக்ஸ் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். டார்ச் அடிக்க விடவேண்டும். ஒரு கடைக்காரர், "சார், கார்டு வாங்க வந்தீங்களா, கண் ஆபரேஷன் பண்ண வந்தீங்களா?" என்றார். அந்தக் கடைக்கு அவ்வளவுதான்.

பெயர் மாற்றிய கார்டுகளும் உண்டு. பல வருஷம் முந்தைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, புது மாடலின் பெயரைக் காட்டவைப்பார்கள். விண்டோஸ் நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் நம்பாது. 2018 முதல் அது பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுவிடுகிறது. ஆனால் அதைவிடத் துணிச்சலான வேலை 4090-இல் நடந்தது. 2023 அக்டோபரில் சீனாவுக்கு அதை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா தடை போட்ட பிறகு, அங்கே கார்டுகளைப் பிரித்து, சிப்பையும் மெமரியையும் மட்டும் எடுத்து வேறு பலகையில் ஏற்றினார்கள். மிச்சமிருந்த பலகையையும் கூலரையும் மறுபடி பூட்டி, பழைய 4090 என்று யார் யார் தலையிலோ கட்டினார்கள். கனம் சரியாக இருக்கும், ஃபேன் இருக்கும், டப்பா இருக்கும். கழற்றிப் பார்த்தால் நடுவில் சிப்பு மட்டும் இருக்காது. 4090 வாங்குகிறவர்கள் அந்த 16 பின் மின்செருகியையும் உற்றுப் பாருங்கள். சரியாக அழுத்திச் சொருகாததால் உருகிய கதைகள் 2022-இல் உலகம் முழுக்க வந்தன. ஓரம் பழுப்பாக இருந்தால் பேச்சு வேண்டாம்.

சரி, மடிப்பாக்கம். முதல் மாடி. மே மாதம். கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது ஏசிக் காற்று. அறை முழுக்கக் கொடைக்கானல். ரிமோட்டில் 18 என்றிருந்தது. தம்பி ஐடியில் இருக்கிறார், நல்ல மாதிரி. கண்ணாடி கேபினட்டுக்குள் கார்டு ஏழு வண்ணத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. "பிளெண்டர்ல த்ரீடி வொர்க்குக்குதான் வாங்கினேன் அங்கிள். லைட் யூஸ். மைனிங்லாம் பண்ணல." அக்கா மகன் "ப்ரோ", நான் "அங்கிள்". விலை பேசும்போது இந்த ஒரு சொல்லிலேயே இரண்டாயிரம் குறைத்திருக்கவேண்டும்.

"ஏசியை ஆஃப் பண்ணுங்க தம்பி," என்றேன்.

"எதுக்கு அங்கிள்?"

"எங்க அக்கா வீட்ல ஏசி ஹால்ல இருக்கு. இது இருக்கப்போறது மொட்டை மாடி ரூம்ல."

காரணம் அது மட்டுமில்லை. 3090-இன் 24 ஜிபி என்பது 24 மெமரி சிப்புகள். பன்னிரண்டு முன்பக்கம், ஃபேனுக்கு எதிரே. மீதிப் பன்னிரண்டும் முதுகுப் பக்கம், காற்று படாத இடத்தில், ஒரு தகட்டுக்கு அடியில். கார்டின் உயிர்நிலை அங்கேதான். 110 டிகிரியை எட்டினால் மெமரி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு வந்த 3090 டிஐ-யில் இரண்டு ஜிபி சிப்புகளாகப் போட்டு எல்லாவற்றையும் முன்பக்கமே கொண்டுவந்துவிட்டார்கள். சாதா 3090-இன் முதுகைப் பார்க்காமல் விலை பேசுவது வீண்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் மெமரி சூட்டுக்குத் தனி வரி உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபர்மார்க்கை ஓட்டச் சொன்னேன். ஃபர்மார்க் என்பது கார்டைப் பிழிந்து எடுக்கிற சோதனை. திரையில் முடி முளைத்த ஒரு மெதுவடை இடைவிடாமல் சுற்றும். ஏசி நின்ற அறையில் மூன்று பேரும் உட்கார்ந்து வடையைப் பார்த்தோம். சிப்பின் சூடு 76-இல் போய் நின்றுகொண்டது. மெமரி 96, 100, 102 என்று ஏறியது. தம்பி கைக்குட்டையை எடுத்தார். 104. மூன்று ஃபேனில் நடு ஃபேன், வேகம் கூடினால் 'டிக்... டிக்' என்றது. 106-இல் அக்கா மகன் "போதும் மாமா, பாவம்," என்றான். வாங்க வந்தவன் இரக்கப்படக்கூடாது. 106-ஐத் தாண்டவில்லை. திரையில் புள்ளியோ கோடோ கட்டமோ எதுவும் தெறிக்கவில்லை. அது முக்கியம். மெமரி சோதனை ஒன்றையும் தனியாக ஓட்டினோம், பிழை இல்லை.

நிறுத்திவிட்டு, ஆறவிட்டு, கழற்றிக் கையில் வாங்கினேன். நல்ல கனம். இந்த மாதிரிக் கார்டுகள் கேபினட்டில் வருஷக் கணக்காகத் தொங்கினால் செருகும் இடத்தின் ஓரத்தில் பலகையில் மயிரிழை விரிசல் விழும்; டார்ச் அடித்தேன், இல்லை. தங்க நிறப் பற்கள் சுத்தம். கடற்கரைப் பக்கத்து வீடுகளிலிருந்து வருகிற கார்டுகளில் திருகுகளும் பின்தகடும் உப்புக் காற்றில் பூத்திருக்கும். இதில் அதுவும் இல்லை. ஆனால் பின்பக்கத் திருகுகளில் இரண்டின் தலை தேய்ந்திருந்தது. ஓரத்தில் எண்ணெய் கசிந்த பளபளப்பு. தெர்மல் பேட் வெகுநாள் சூட்டில் இருந்தால் அதிலிருந்து எண்ணெய் பிரிந்து வரும். லைட் யூஸில் வராது. நான் ஒன்றும் சொல்லாமல் உதட்டைப் பிதுக்கினேன்.

"க்ளீனிங்குக்காக ஒருதடவை கழட்டினேன் அங்கிள்," என்றார் தம்பி.

அப்போதுதான் அவருடைய அம்மா காபி கொண்டுவந்தார்கள். "என்னடா, ஏசியை நிறுத்திட்டு வேர்க்க விறுவிறுக்க உக்காந்திருக்கீங்க?" என்றவர், என் மடியில் கார்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இதையா வாங்கிட்டுப் போறீங்க? நல்லா இருப்பீங்க சார். ராத்திரி பகலா ஓடிட்டே இருக்கும். ரெண்டு வெச்சிருந்தான். இந்த ரூமுக்குள்ள நுழைய முடியாது, அடுப்பாங்கரை தோத்துது போங்க."

"அம்மா..." என்றார் தம்பி.

"கரண்ட் பில் எவ்ளோம்மா வந்துது?" என்றேன் நான், காபியை ஆற்றியபடி.

"ஏன் கேக்கறீங்க? ஆயிரத்துச் சொச்சம் வந்துட்டிருந்த வீடு. ஏழாயிரத்துச் சொச்சம் வந்துது. மீட்டர் கெட்டுப்போச்சுன்னு இவங்கப்பா ஈபி ஆபீஸ்ல போய் சண்டை போட்டுட்டு வந்தாரு. அந்த வருஷம் விநாயகர் சதுர்த்தி முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும், சத்தம் அப்படியே நின்னுபோச்சு. பிள்ளையாரே பாத்து நிறுத்தினாருன்னு நெனச்சேன்."

2022-இல் விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 31. எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டு வைத்துத் தோண்டுகிற தொழிலுக்கே மூடுவிழா நடத்தியது செப்டம்பர் 15. அம்மாவின் கணக்கில் ஒரு நாள்தான் பிசகு.

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். தோண்டும்போது ஒரு 3090 சுமார் 300 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 7.2 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்கிறார்கள்; 60 நாளுக்கு 432 யூனிட். இரண்டு கார்டுக்கு 864. வீட்டுச் செலவையும் சேர்த்தால் 500 யூனிட் கோட்டைத் தாண்டி, ஸ்லாப் மாறி, அன்றைய கட்டணத்தில் ஏழாயிரத்தைத் தொடத்தான் செய்யும். கார்டு எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்ட அதில் மீட்டர் கிடையாது. காருக்கு ஓடோமீட்டர் இருக்கிறது, அதையும் திருப்பி வைக்கிறார்கள். மின்வாரிய மீட்டரை யாரும் திருப்ப முடியாது. பழைய பில்லெல்லாம் இணைப்பு எண்ணைப் போட்டால் போனிலேயே வரும். உலகத்தில் யாருக்கும் தோன்றாத இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு மின்வாரியம் நமக்கு இலவசமாகச் செய்து வைத்திருக்கிறது. முதல் நூறு யூனிட்டைப் போலவே.

தம்பியின் முகம் வாடிப்போனது. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. ஏனென்றால் தோண்டிய கார்டு என்றால் தீண்டக்கூடாது என்பது என் கட்சி இல்லை. விவரம் தெரிந்து தோண்டியவர்கள் கார்டின் மின்சாரத்தைக் குறைத்து, சிப்பை மிதமாக வைத்து, ஒரே சீராக ஓட்டினார்கள். லாபமே மிச்சம் பிடித்த யூனிட்டில்தான் இருந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி இழுபடுகிற தொல்லை ஈயப்பற்றுக்கு அதில் குறைவு. அடிவாங்குவது ஃபேனும் மெமரியும் அதன் மேலிருக்கிற பேடும். மூன்றில் இரண்டை மாற்றிவிடலாம். விளையாட்டுக்கு மட்டும் பயன்படுத்தியது என்பதும் நற்சான்றிதழ் இல்லை. 2021 ஜூலையில் அமேசானின் 'நியூ வேர்ல்ட்' விளையாட்டின் முன்னோட்டத்தில் சில 3090 கார்டுகள் பொசுங்கின. ஒரு நிறுவனம் தன் கார்டுகளைப் பிரித்துப் பார்த்து, சிலவற்றில் ஈயப்பற்று சரியில்லை என்று ஒத்துக்கொண்டது. அவையெல்லாம் ஏறக்குறையப் புதுசு. எனக்குக் கோபம் தோண்டியதில் இல்லை, பிளெண்டரில் இருந்தது.

அப்புறம் பேரம் சுலபமாக நடந்தது. காபிக்கு முன் எண்பத்தைந்தில் இருந்தவர், டம்ளரைக் கீழே வைக்கும்போது எழுபத்தைந்தில் இருந்தார். வாரண்டி மூன்று வருஷம், அது முடிந்துபோனது. அதற்குப் பத்து. பேடு மாற்ற, நடு ஃபேனை மாற்ற, கூலி சேர்த்து ஒரு ஐந்து. நான் ஐம்பத்தைந்து என்றேன். அவர் எழுபது என்றார். அக்கா மகன் "ப்ரோ, பாக்ஸ் இருக்கா?" என்று கேட்டு இருந்த அழுத்தத்தையும் கெடுத்தான். டப்பா இருந்தது. டப்பாவில் சீரியல் நம்பரும் கார்டில் சீரியல் நம்பரும் ஒன்றாகவே இருந்தன; நல்ல அறிகுறி. அம்மா வந்து, "பையன் படிக்கிற பிள்ளைடா, பாத்துக் குடு," என்றார்கள். அறுபத்திரண்டில் முடிந்தது. ஜிபே போன சத்தம் கேட்டதும் ஏசியைப் போட்டார்.

அறுபத்திரண்டு என்பது கார்டின் விலை. அதை வாங்கிய செலவு என்று நினைக்கிறவர்கள் இன்னும் கார்டு வாங்கியதில்லை. பயலின் எஸ்எம்பிஎஸ் 450 வாட். 3090-க்கு 750-க்குக் குறைந்து ஆகாது. நல்லதாக 850-இல் ஒன்று புதிதாக வாங்கினோம். எஸ்எம்பிஎஸ்ஸைப் பழசில் வாங்காதீர்கள், அதில் மிச்சம் பிடிப்பது அறுபத்திரண்டாயிரத்தைப் பணயம் வைப்பது. அப்புறம் கார்டு கேபினட்டுக்குள் போகவில்லை. ஒரு விரற்கடை நீளம் அதிகம். முன்னால் இருந்த ஹார்ட் டிஸ்க் கூண்டை ரம்பம் போட்டு அறுத்தோம். மூக்கு தொங்குகிறதே என்று பார்த்தபோது அக்கா அடுக்களையிலிருந்து பெருங்காய டப்பா ஒன்றைக் கொடுத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. மொட்டை மாடி அறை இன்றைக்கும் லேசாக மணக்கிறது.

பேடு மாற்றிய பிறகு மெமரி 92-க்கு மேல் போகவில்லை. 3,200 கோடி எண் மாடல் ஓடுகிறது. அக்கா கேட்ட கேள்விக்கு அது நல்ல தமிழில் தவறான பதில் சொன்னது. அக்காவின் கவலை அது இல்லை. "ஏன்டா, இது எப்பவும் ஓடிட்டே இருக்குமா? கரண்ட் பில் ஏறுமா?" என்றாள். அக்கா வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "லைட் யூஸ்தான் அக்கா," என்றேன்.

வாங்குகிற எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். மடிப்பாக்கத்து வீட்டில் இரண்டாவது 3090 இன்னும் இருக்கிறது. எழுபது சொல்கிறார். அறுபதுக்கு மேல் கொடுக்காதீர்கள். விளையாடத்தான் வேண்டும், 24 ஜிபிக்கு வேலை இல்லை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், வாரண்டியோடு புதிதாக 12 ஜிபி கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். போவதாக இருந்தால் அவருடைய அம்மா வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவிலுக்குப் போய்விடுவார்கள்.